ஆயாம்மாவின் வரிசை

ஒரு நோயாளிக்கு என்று எழுதிக் கொடுத்த மருந்தை அந்த நோயாளி மட்டுமே சாப்பிட வேண்டும். மற்றவரோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது. இது விதி. எங்கள் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில், மருந்து கொடுக்கும் சன்னலுக்கு மேலே, மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். தமிழ்த் தாள் மட்டும் மின்விசிறிக்கு நேராக இருந்ததால் நாளடைவில் கிழிந்துபோய், 'மற்றவரோடு பகிர்ந்துகொள்ள' என்பதோடு நின்றுவிட்டது. ஆயாம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தாளையே எனக்கு அத்தாட்சியாகக் காட்டியிருப்பார்.

அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு விதி மீறப்படுவதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஒரு நாள் காலை பின்பக்கச் சந்தில், ஆயாம்மா கம்பி வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் நெத்திலிச் சம்பலும், அதன் மூடியில் காகிதத்தில் மடித்த ஒரு மாத்திரையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். சம்பலைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் கிடையாது. மாத்திரையைப் பற்றி விதியை முழுமையாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "பசியில இருக்கவன் முன்னாடி நீ மட்டும் உக்காந்து சாப்புடுவியா கிராணி?" என்றார்.

"மாத்திர என்ன சோறா ஆயாம்மா?"

"வாயில போறதெல்லாம் ஒண்ணுதான்லா."

ஈப்போவுக்கு வெளியே, ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தாமான் குடியிருப்பு. கோப்பெங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்றபோது வெளியேறியவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மலிவு விலை வீடுகளில் வந்து சேர்ந்தோம். தோட்டத்தில் ஆயாம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஆயாக்கொட்டாயில் விடுவார்கள். அந்தப் பிள்ளைகளை மதியம் வரைக்கும் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நானும் அங்கே விடப்பட்டவன்தான். அப்போது அவர் இளம்பெண்ணாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவருடைய முழங்கை மட்டும்தான் ஞாபகம். காரணம், முழங்கைக்குக் கீழே விளக்கெண்ணெய்க் கரண்டி இருந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொன்ன நாளில் ஆயாம்மா எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்துவார். ஒரே கரண்டி, ஒரே அளவு, பிறகு ஒரு துண்டு வெல்லம். "ஆ காட்டு" என்பார். காட்டுவோம். ஒருவன் வாயைத் திறக்காவிட்டால் வரிசை நகராது. அவனைத் தாண்டி அடுத்தவனுக்கு அவர் ஊற்றியதே இல்லை. அவன் திறக்கும் வரை பின்னால் நிற்கும் அத்தனை பேரும் நின்றுகொண்டே இருப்போம். அன்றைக்கு வராத பிள்ளை தப்பித்தான் என்று நினைத்தால், சாயங்காலம் கரண்டியோடு லயத்து வீட்டுக்கே போய் நிற்பார். ஏற்கெனவே வயிற்றுப்போக்கு கண்டவனுக்கும் அதே கரண்டிதான். "அவனுக்கு மட்டும் இல்லன்னா ஏங்கிப் போயிருவான்" என்று அவன் அம்மாவிடம் சொன்னாராம். யாரும் விளக்கெண்ணெய்க்கு ஏங்கியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆயாக்கொட்டாயில் விடுபட்டவன் என்று ஒருவனும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கரண்டியைத்தான் அவர் தாமானுக்கும் கொண்டுவந்திருந்தார்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்தபோது கிளினிக்கில் இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று பெரிய வெள்ளை மாத்திரை, சாப்பாட்டோடு போட வேண்டியது. இன்னொன்று சின்னது, காலையில் சாப்பிட உட்காரும்போது போட்டால் சர்க்கரையை விறுவிறுவென்று இறக்கும். மருந்து கொடுக்கும் மலாய்ப் பெண் அதைத் தனியாக எடுத்துக் காட்டி, சாப்பிடாத நாளில் இதைத் தொடாதீர்கள், விரதம் இருப்பதென்றால் முன்னாலேயே வந்து கேளுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். கூடப் போன நான் அதைத் தமிழில் சொல்வேன். ஆயாம்மா இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார். வெளியே வந்ததும், "நல்ல புள்ள. கையில ஒரு வளையல்கூட இல்ல பாரு" என்பார்.

பெயர்களை அவர் மாற்றிவிட்டார். பெரிய மாத்திரை பெரிய துரை. சின்னது சின்ன துரை. தோட்டத்தில் மேலாளரும் துணை மேலாளரும் அப்படித்தான் அழைக்கப்பட்டார்கள். "பெரிய துரை சும்மா கார்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாரு. மரத்துக்கு மரம் வந்து புடிக்கிறவரு சின்ன துரைதான்." மருந்தியல் படித்தவர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம். ஆனால் சின்ன துரை எந்த மரத்தில் எந்த ஆளைப் பிடிப்பார் என்பதை ஆயாம்மா யோசித்ததில்லை. தனக்கு நல்லது செய்தவர் எல்லாருக்கும் செய்வார் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் வரிசையில் வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை இருந்தது. கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் வேலியோரம் யாராவது நிற்பார்கள். "ஆயாம்மா, நாளைக்கு டாக்டரு ஏசுவாரு. ஒரு சின்ன துரை இருந்தா குடுங்க." கொடுப்பார். கணக்குத் தணிக்கைக்கு முந்தின நாள் கோப்புகளைத் தூசி தட்டும் கிராணிகளை எனக்குத் தெரியும். இது அதே ரகம். மூன்று மாதத்துச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, ஒரு நாள் மாத்திரையால் அதை ஏமாற்ற முடியாது என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விளக்கினேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வாங்கியவர்களில் ஒருவர் ஆயாம்மாவின் அடுத்த வீட்டு லாரிக்காரர். வேறு தோட்டத்துக்காரர், மனைவி போன பிறகு தனியாக இருந்தார். ஆயாம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். லாரியில் கிளந்தான் வரைக்கும் போய் வருவதால் கிளினிக்குக்குக் குறித்த நாளில் வரமாட்டார். மருந்து தீர்ந்துபோய் வாரக் கணக்கில் இருப்பார். ஆயாம்மாவுக்கு அது பொறுக்காது. ஒருவன் வரிசையில் இல்லை என்பதுதான் அவருக்குப் பட்டது.

அந்த வருடம் ஆடி வெள்ளியன்று தாமான் ஓரத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். லாரிக்காரர் வேண்டுதலுக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்தார். "கண்ணு மங்கலா இருக்குக்கா, தாகமா இருக்கு" என்று வேலியோரம் சொன்னாராம். ஆயாம்மா ஒரு சின்ன துரையைக் கொடுத்து, "இதப் போட்டுட்டுக் கெளம்பு. கோயில்ல கூழு இருக்குல்ல" என்றிருக்கிறார். கூழ் கிடைக்கும் என்பது சரி. எப்போது கிடைக்கும் என்பது பூசாரி கையில் இருந்தது. பூசாரியோ அன்றைக்குத் தொகுதிப் பிரமுகர் வருவார் என்று காத்திருந்தார்.

நான் கையில் கிண்ணத்தோடு வரிசையில் நின்றேன். உறுமி மேளக்காரப் பையன்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று லாரிக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். சட்டை முழுக்க வேர்வை. கண் எங்கேயோ போயிருந்தது. வாய் குழறியது. "சாமி வந்திருச்சு" என்றார் ஒருவர். பையன்கள் அடியைக் கூட்டினார்கள். நெற்றியில் திருநீறு அப்பினார்கள். ஒரு பெண் முன்னால் வந்து, "என் மவனுக்கு வேல கெடைக்குமா சாமி?" என்று கேட்டாள். அவர், "வீட்டுக்குப் போவணும், வீட்டுக்குப் போவணும்" என்று முனகினார். "வீட்டுக்கே வேல தேடி வருமாம்" என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கம் சொன்னார். நானும் கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு கைகூப்பினேன். நடைமுறை அதுதான்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆயாம்மா வந்தார். ஆடுகிறவரின் கையைப் பிடித்துப் பார்த்தார்; கழுத்தில் புறங்கையை வைத்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவருக்கே ஒரு தடவை, பசியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, இப்படி வேர்த்து நடுங்கியிருக்கிறது.

"மோளத்த நிறுத்துங்கடா" என்றார். யாரும் நிறுத்தவில்லை.

"சாமி இல்லடா இது. சின்ன துரைடா. நாந்தான் குடுத்தேன்."

அந்தக் கடைசி இரண்டு சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னார். மேளம் நின்றது.

கூழ்ப் பந்தலில் இனிப்பான சிவப்புச் சிராப் தண்ணீர் இருந்தது. நான் ஓடிப்போய் ஒரு குவளை கொண்டுவந்தேன். லாரிக்காரர் அப்போது விழுங்கும் நிலையில் இருந்தார். மடக்கு மடக்காகக் குடித்தார். முகத்தில் கொஞ்சம் ஆள் தெரிந்தது. "என்னா நடக்குது இங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். "தெளிஞ்சிட்டாரே, எதுக்கு?" என்றார்கள். தெளிந்தவர் சற்று நேரத்தில் மறுபடியும் துவண்டு சாய்ந்தார். இந்த முறை கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஒருவர் கூழை வாயில் ஊற்ற வந்தார். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று கத்தினேன். ஆயாம்மா ஊற்ற வந்தவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும் வரை விடவில்லை. வாழ்நாள் முழுக்க வாய்களைத் திறக்கச் சொன்னவர், அன்றைக்கு ஒரு வாய்க்கு முன்னால் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். ஆயாம்மா மடியிலிருந்து தன் மருந்துப் பையை எடுத்து நீட்டி, "சாயா காசி" என்றார், தனக்குத் தெரிந்த மலாயில். நான் கொடுத்தேன் என்று அர்த்தம். டாக்டர் ஏசவில்லை. அந்த மாத்திரையின் பெயர் தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்றார். லாரிக்காரருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் கெட்டிருந்தது. அப்படிப்பட்ட உடம்பிலிருந்து இந்த மாத்திரை சீக்கிரம் வெளியேறாது. இனிப்புக் கொடுத்துத் தெளிந்தாலும் மறுபடி இறங்கும், அதனால் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டது ஆயாம்மாவுக்குத் தெரியாது. லாரிக்காரருக்கே தெரியாது. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் பிழைத்துக்கொண்டார். பாகான் செராயிலிருந்து அவருடைய மகள் வந்தாள். ஆயாம்மா கட்டில் பக்கம் போனதும் எழுந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்கு மருந்து குடுக்க டாக்டருங்க இருக்காங்க. நீங்க போங்க."

ஆயாம்மா போனார். மகள் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்தே பாகான் செராய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அவருடைய சட்டைகள் கொடியிலேயே கிடந்தன. அவர் கைப்பேசி கோயில் தள்ளுமுள்ளில் தொலைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஆயாம்மா யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. விதி ஒரு வழியாக அமலுக்கு வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவர் மாத்திரை வைக்கும் பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். அவருடைய சொந்த மாத்திரைகளும் அட்டை கிழிக்காமல் அப்படியே இருந்தன.

"ஏன் ஆயாம்மா போடல?"

"போடல."

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நீங்க போடக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

அவர் டின்னை மூடினார். "அவன் அங்க என்னத்தப் போடுறான், போடுறானா இல்லையா, ஒண்ணும் தெரியல. ஒருத்தன் வாயத் தொறக்காம நிக்கிறான் கிராணி. நான் எப்புடி அடுத்தாளுக்குப் போறது? அடுத்த ஆளு நானா இருந்தா மட்டும்?"

நிறைய மேலதிகாரிகளோடு வாதாடியிருக்கிறேன். இந்த முறை டின்னை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆயாம்மாவுக்குச் செருப்பு கடித்த இடத்தில் கால் பெருவிரல் பக்கம் புண் வந்தது. ஆறவில்லை. கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். சர்க்கரையைப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். வயதைப் பார்த்துச் சின்ன துரையை நிறுத்திவிட்டுப் பெரிய துரையை மட்டும் புதிதாக எழுதிக் கொடுத்தார். ஆயாம்மா வாங்கிக்கொண்டு வந்து டின்னில் போட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வீட்டுக்கு ஒரு தாதியை அனுப்பி அவர் முன்னால் மாத்திரை போட வைக்கும்படி, உரிய அலுவலகத்துக்கு, உரிய வழியில், நகல்களோடு எழுதினேன். ஆயாம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவரை எடுத்துக்கொண்டது புண் அல்ல. தூக்கத்தில், முதுமையில் போனார். அந்தக் கடிதம் பரிசீலனையில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். அதற்கு நடைமுறை எதுவும் கிடையாது. லாரிக்காரரின் மகளுடைய எண்ணைத் தேடிப் பிடித்து, குரலைப் பதிவு செய்ய என் கைப்பேசியை ஆயாம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.  பேசினார்.

"தம்பி, நான்தான். உன் கொடியில கெடந்த சட்டைய மடிச்சு வச்சிருக்கேன். உன் மவ கோவிச்சது நாயம்தான், அவள ஏசாத. அங்க என்னா மாத்திர குடுத்திருக்காங்க? சோறு தின்னுட்டுத்தான போடுற? அத மட்டும் சொல்லிரு. வேற ஒண்ணும் வேணாம்லா."

அனுப்பினேன். கீழே என் பங்குக்கு ஒரு வரி எழுதினேன். அவள் பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. ஒவ்வொரு காலையும் ஆயாம்மா கால் கட்டோடு நொண்டிக்கொண்டு என் வாசலுக்கு வருவார். எதுவும் கேட்க மாட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். திரும்பிப் போவார். அவர் நடையில் நொண்டல் கூடிக்கொண்டு வந்ததை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆடி போய் ஆவணியும் போயிற்று.

பதில் வந்த அன்று அவர் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது. முதலில் மகளின் குரல்: "ஆயாம்மா, இத நான் தொறக்கவே இல்ல. நேத்துதான் கேட்டேன். அப்பா பேசணுமாம்." பிறகு லாரிக்காரர். பின்னால் வயலில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"அக்கா, நல்லா இருக்கேன். இங்க கிளினிக்குல வேற மாத்திர எழுதியிருக்காங்க, கிட்னிக்குத் தோதா. சின்ன துரை எனக்கு ஆகவே ஆகாதுன்னுட்டாங்க. மவ கிட்டவே நிக்கிறா, ஏமாத்த முடியல. நீங்க போடுறதில்லன்னு கிராணி எழுதி அனுப்பியிருக்காரு. ஏன்க்கா அப்புடி? இட்லி தின்னாச்சு. மாத்திர இந்தா, கையில வச்சிருக்கேன். நீங்க தின்னுட்டு ஒங்களதப் போடுங்க. போட்டேன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் நான் போடுவேன். லேட்டாக்காதீங்க, மவ மொறைக்கிறா."

ஆயாம்மா தோசையைப் பிட்டார். ஒன்றரைத் தோசை சாப்பிட்டார், அவசரப்படவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய் டின்னை எடுத்து வந்தேன். ஒரு பெரிய துரையை அட்டையிலிருந்து தள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தொண்டை ஏறி இறங்கும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு என் கைப்பேசியை வாங்கி வாய்க்குக் கிட்டே வைத்தார்.

"போட்டுட்டேன். ம், இப்ப நீ. ஆ காட்டு."

அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை, விரத நாள்.